“சாப்பிட்டீங்களா?” – தரம் 9 வகுப்பறை ஒன்றில் நடந்த தொடர் சீண்டல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றின் கலவன் பாடசாலையில், தரம் 9 வகுப்பில் முதலாம் தவணையின் நடுப்பகுதியிலிருந்து இரண்டாம் தவணை முடியும்வரை நடந்தவற்றை இவ்வறிக்கை பதிவுசெய்கிறது. பாதிக்கப்பட்ட மாணவனும் அவனது பாதுகாவலரும் சம்மதித்த பின்னரே இது எழுதப்படுகிறது. எவரது பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நான் அப்பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை. வகுப்பாசிரியையும் பகுதித் தலைவரும் நானும் சேர்ந்து எடுத்த தீர்மானங்களையே கீழே “நாம்” என்று குறிப்பிடுகிறேன்.

பாதிக்கப்பட்டவன் 14 வயது மாணவன். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் கிராமம் ஒன்றில் தரம் 8 வரை படித்துவிட்டு, அம்மம்மாவின் வீட்டில் தங்கிப் படிப்பதற்காக அவ்வாண்டின் தொடக்கத்தில் எமது பாடசாலையில் சேர்ந்தான். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாவியைக் கடப்பது படகுப்பாதைக்குக் காத்திருந்த காலத்தைப் போல் சிரமமாக இல்லை. ஆயினும் கரை மாறி வரும் பிள்ளை பேச்சிலும் நடையிலும் இன்னும் சற்று வேறுபட்டவனாகவே வகுப்பறைக்குள் நுழைகிறான். அவனது தந்தை வயலையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தார். வேலை முடிந்து அவர் பேசக்கூடிய நேரத்தில் இங்கே நள்ளிரவு நெருங்கிவிடும் என்பதால், தாயும் மகனும் பெரும்பாலும் குரல் பதிவுகளை அனுப்பியே பேசிக்கொண்டார்கள்.

இந்நிகழ்வில் முன்னின்றவன் அவ்வகுப்பின் தலைவன். பாடத்தில் கெட்டிக்காரன், ஆசிரியர்களிடம் மரியாதையாகப் பேசுபவன், எவருடைய குரலையும் அப்படியே எடுத்துக் காட்டும் திறமையால் கலைநிகழ்ச்சிகளில் கைதட்டல் வாங்குபவன். புதிய மாணவனுக்குப் பாடசாலையைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவனிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதல் சில வாரங்களில் அவன் அதை நன்றாகவே செய்தான். தாய் வெளிநாட்டில் இருப்பதும், எந்நேரம் பேசுவார் என்பதும், பேசிய மறுநாள் மகன் எப்படி இருப்பான் என்பதும் வகுப்பில் வேறு எவரையும்விட அவனுக்கே தெரிந்திருந்தன.

கவனத்துக்கு வந்த விதம்

பாதிக்கப்பட்டவன் எமது கவனத்துக்குக் குற்றவாளியாகவே வந்தான். ஒருநாள் இடைவேளையில், பக்கத்தில் இருந்த சிறிய உருவமுள்ள மாணவன் ஒருவனை அவன் சாப்பாட்டுப் பெட்டியால் முகத்தில் அடித்துவிட்டான். புருவத்துக்கு மேலே வெடித்து, வைத்தியசாலையில் தையல் போட வேண்டி வந்தது. அன்று மாலையே ஒழுக்காற்றுக் குழு கூடியது. சேர்ந்து மூன்று மாதம் ஆகாத பிள்ளை இவ்வளவு மூர்க்கமாக நடந்துகொண்டதால், விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து ஊருக்கே அனுப்பிவிடலாம் என்ற கருத்துக்கு ஆதரவு இருந்தது.

அடிபட்ட மாணவனிடம், அடிவிழும் முன்னர் என்ன பேசினாய் என்று கேட்டேன். “ஒண்டுமில்ல டீச்சர், சாப்பிட்டீங்களா எண்டுதான் கேட்டன்” என்றான். அடித்தவனிடம் கேட்டபோது அவன் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஒருவன் ஏன் அடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எந்தத் தண்டனையும் வழங்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அதிபர் ஒரு வார அவகாசம் தந்தார். அந்த அவகாசம் கிடைத்திராவிட்டால் இந்த அறிக்கைக்கே இடமில்லாமல், பாடசாலைப் பதிவேட்டில் “அடித்தமைக்காக விலக்கப்பட்டான்” என்ற ஒரே வரியோடு அந்தப் பிள்ளையின் கதை முடிந்திருக்கும்.

கண்டறிந்தவை

அதே கேள்வி வகுப்பாசிரியையின் காதிலும் பலமுறை விழுந்திருந்தது. இடைவேளை மணி அடித்ததும் ஐந்தாறு பேர் அந்த மாணவனைத் திரும்பிப் பார்த்து “சாப்பிட்டீங்களா?” என்பார்கள், புதிதாக வந்த பிள்ளையை வகுப்பு நன்றாகக் கவனித்துக்கொள்கிறது என்று அவர் மகிழ்ந்திருக்கிறார். கணித பாடத்தில் விடை சொல்ல அவன் எழும்பும்போதும் பின்வரிசையிலிருந்து அதே கேள்வி மெதுவாக வந்திருக்கிறது. எந்த ஆசிரியருக்கும் அது தவறாகப் படவில்லை. தவறாகப் படாத சொல்லாகப் பார்த்தே அது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

விடயம் அவனது அம்மம்மாவின் வீட்டில்தான் வெளிப்பட்டது. “இவன் முந்தி இப்பிடியில்ல டீச்சர். இப்ப தாய் கோல் எடுத்தாலும் பேசுறானில்ல” என்று அவர் கண்கலங்கினார். தாயோடு பேசுவதை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டபோது, முற்றத்தைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்துவிட்டு, அவன் துண்டு துண்டாகச் சொன்னான். பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நாட்களில் அம்மம்மாவின் கைபேசி பழுதாகியிருந்தது. வகுப்புத் தலைவன் தன் கைபேசியைக் கொடுத்து, “அம்மாவுக்கு வொய்ஸ் போடு” என்று சொல்லியிருக்கிறான். “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று தொடங்கிய அந்தப் பதிவில், இடையில் பேச்சு நின்று, அவன் அழுத சத்தமும் பதிவாகிவிட்டது. சில நாட்களில் அது வகுப்பு மாணவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒலித்தது. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டிலிருந்து படிப்பதற்காகத் தொடங்கிய இத்தகைய குழுக்கள், பாடங்கள் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகும் ஆசிரியர்கள் இல்லாத குழுக்களாகத் தொடர்ந்தன. இதுவும் அப்படியான ஒன்று.

இவ்வளவு நாளும் ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்ற கேள்விக்கான விடை இன்னும் பாரமானது. தாய் அனுப்பிய பதிலும் வகுப்புத் தலைவனின் கைபேசிக்கே வந்திருந்தது. அதிலே தாயும் அழுதிருந்தார். அதை அவன் குழுவில் போடவில்லை. “உங்கம்மாட வொய்ஸும் என்னட்டக் கிடக்கு” என்று ஒருமுறை சொன்னதோடு சரி. தாயின் அழுகையை ஊர் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக அந்தப் பிள்ளை ஏறக்குறைய இரண்டு மாதம் எல்லாவற்றையும் பொறுத்திருக்கிறான்.

இது பிள்ளைகளுக்கிடையிலான சாதாரணச் சண்டையா, தொடர் சீண்டலா என்பதை நாம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சுவீடனிலும் நோர்வேயிலும் 1970களிலிருந்து இத்துறையில் ஆய்வுசெய்த டான் ஒல்வேயுஸ் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்: புண்படுத்தும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இரு தரப்புக்கும் இடையே வலிமையில் சமமின்மை. மூன்றாவதை உடல் பலமாக மட்டும் எண்ணினால் இங்கே தவறிவிடுவோம், ஏனெனில் பாதிக்கப்பட்டவனே உயரமானவன். வகுப்புத் தலைவன் என்ற பதவி, ஆசிரியர்களின் நம்பிக்கை, நண்பர்களின் எண்ணிக்கை, கைபேசியில் இருந்த அந்தப் பதில் ஆகிய நான்கும் மறுபக்கத்தில் இருந்தன.

வகுப்பில் ஏனையோர் எங்கே நிற்கிறார்கள் என்பதை அறியப் பெயர் எழுதாத சீட்டுகளைப் பயன்படுத்தினோம். இந்த வகுப்பில் எவராவது மனம் நோகும்படி நடத்தப்படுகிறாரா, அதைப் பார்க்கும்போது உனக்கு என்ன தோன்றுகிறது, நீ என்ன செய்கிறாய் என்பவை கேள்விகள். ஏறக்குறைய நாற்பது பேர் கொண்ட அவ்வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் “பாவம்” என்ற சொல்லையோ அதற்கு நெருங்கிய சொல்லையோ எழுதியிருந்தார்கள். அவர்களிற் பலர், “ஆனா எல்லாருக்கும் அது பகிடி” என்றும் எழுதியிருந்தார்கள். தாங்கள் மட்டுமே வருந்துவதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். என்னை அதிகம் உலுக்கியது இந்தச் சீட்டுகள்தான்.

அடிபட்ட சிறுவனும் அவர்களில் ஒருவன். சிரிக்காவிட்டால் அடுத்தது தானாகிவிடுவேன் என்ற பயத்தில் கேட்டதாகப் பின்னர் சொன்னான். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவாலியும் அவரது சகாக்களும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நிகழ்வில் சீண்டுபவர், சீண்டப்படுபவர் என்ற இருவர் மட்டும் இருப்பதில்லை என்று காட்டியது. கூட நின்று உதவுபவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கிக்கொள்பவர், பாதிக்கப்பட்டவருக்காக நிற்பவர் என ஏனையோரும் ஒவ்வொரு பங்கை வகிக்கிறார்கள். எமது வகுப்பில் கடைசிப் பங்கில் எவருமே இருக்கவில்லை. ஒருபோதும் சிரிக்காத இரண்டு மாணவிகள் மட்டும் இருந்தார்கள்.

வகுப்புத் தலைவனோடு பேசியபோது

அவனைத் தனியாகவே சந்தித்தேன். எடுத்த எடுப்பில் “பகிடிதானே டீச்சர்” என்றான். நீ செய்தது சரியா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய விடை எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம். பதிலாக, அப்படிக் கேட்கும்போது மற்றவனிடம் என்ன மாற்றத்தைக் கண்டாய் என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல் சொன்னான்: “உடன அழமாட்டான் டீச்சர். முதல்ல எச்சில விழுங்குவான். பிறகு மேசையில கிடக்கிற பேனை, அடிமட்டம் எல்லாத்தையும் நேராக்குவான். அதுக்குப் பிறகும் சொன்னா எழும்பிருவான். அதுக்கு முதல் நிப்பாட்டிருவம்.”

இந்த விடை எமது அணுகுமுறையையே மாற்றியது. மனவெழுச்சி நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறனைப் பற்றிய ஆசிரியர் செயலமர்வுகளில், பிறரைச் சீண்டும் பிள்ளைக்குப் பிறர் உணர்வு விளங்குவதில்லை, அதை விளங்கவைத்தால் திருந்திவிடுவான் என்ற எண்ணம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. சில பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உண்மை. இவனைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறு. வகுப்பில் எவரையும்விட, எந்த ஆசிரியரையும்விட, அந்தப் புதிய மாணவனின் மனநிலையை நுட்பமாக அறிந்திருந்தவன் இவனே. எந்த எல்லையில் நிறுத்தினால் மற்றவன் உடைவான், ஆனால் வெடிக்கமாட்டான் என்று கணக்கிட அந்த நுட்பமே அவனுக்கு உதவியது. அவன் அருகில் இல்லாத ஒருநாள், இந்தக் கணக்குத் தெரியாத சிறுவன் எல்லையைத் தாண்டிக் கேட்டுவிட்டான், அடி விழுந்தது.

மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை 1990 இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்த பீட்டர் சாலோவேயும் ஜோன் மேயரும் அதைத் திறன்களின் தொகுதியாகவே விளக்கினார்கள். உணர்வுகளைக் கண்டுகொள்ளல், சிந்தனைக்குப் பயன்படுத்தல், விளங்கிக்கொள்ளல், கையாளல் என்பவை பிற்காலத்தில் அவர்கள் வகுத்த நான்கு கூறுகள். இவற்றில் எதுவும் ஒருவனைத் தானாகவே நல்லவனாக்குவதில்லை. இங்கிலாந்தில் ஜோன் சட்டனும் சக ஆய்வாளர்களும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டலில் முன்னிற்கும் பிள்ளைகள் பிறர் மனதில் ஓடுவதை ஊகிக்கும் சோதனைகளில் பின்தங்கியிருக்கவில்லை; தம்மைப் பின்பற்றுவோரையும் தம்மால் பாதிக்கப்பட்டோரையும்விடக் கூடிய புள்ளிகளே பெற்றார்கள். பிறர் நோவதை அறிவது ஒன்று. அந்த நோவு தன்னையும் தொடுவது வேறொன்று. இவனிடம் குறைவாக இருந்தது இரண்டாவது.

அவனது வீட்டில் ஏதேனும் பெரிய காயம் இருக்குமோ என்றும் பார்த்தோம். கண்டிப்பான, ஆனால் அன்பான வீடு. குறிப்பிடத்தக்க ஒன்றும் தெரியவரவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் ஒரு துயரக் கதை இருந்தால் ஆசிரியர்களாகிய எமக்கு மன்னிப்பது எளிதாக இருக்கும். இங்கே இருந்தது, பன்னிரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும்போது பதினான்கு வயதில் கிடைக்கும் இன்பமும், அதைத் தடுக்க எவரும் இல்லாத நிலையும்தான்.

எடுத்த தீர்மானங்களும் அவற்றின் காரணங்களும்

முதலில் பிள்ளையின் உயிர்ப் பாதுகாப்பை உறுதிசெய்தோம். “நான் இருந்தென்ன, இல்லாட்டி என்ன” என்று அவன் அம்மம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருந்தான். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று நேரடியாகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் ஆசிரியர்களிடம் பரவலாக உண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிப்பதில்லை. திட்டம் எதுவும் இல்லை, ஆனால் எழும்பவே மனமில்லாத காலைகள் உண்டு என்றான். அம்மம்மாவின் சம்மதத்தோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவனை அனுப்பினோம். பாடசாலை உளவளத்துணை ஒரு வைத்தியரின் இடத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது.

இருவரையும் எதிரெதிரே இருத்திக் கைகொடுக்க வைப்பதில்லை என்பது அடுத்த தீர்மானம். “ரெண்டு பேரும் கையக் குடுத்துச் சமாதானமாகுங்க” என்பது எமது பாடசாலைகளில் நீண்டகாலமாக உள்ள வழக்கம். சமமானவர்களுக்கிடையில் வந்த சண்டையை அப்படித் தீர்க்கலாம். ஒருவன் மற்றவனின் தாயினுடைய குரலைப் பிணையாக வைத்திருக்கும்போது, அந்தக் கைகொடுப்பு மேலும் ஒரு பணியவைப்பாகவே முடியும். பகுதித் தலைவர் முதலில் இதை ஏற்கவில்லை. இருவரையும் தனித்தனியே கேட்ட பின்னர் தாமாகவே உடன்பட்டார்.

குரல் பதிவுகளின் விடயம் அதே வாரத்தில் கையாளப்பட்டது. வகுப்புத் தலைவனின் தந்தையை அழைத்து, அவர் முன்னிலையில் இரு பதிவுகளும் அழிக்கப்பட்டன. குழுவிலிருந்த ஒவ்வொருவரிடமும் நேரில் சென்று அழிக்கச் சொல்லும் பொறுப்பு அவனுக்கே தரப்பட்டது. தந்தை வெட்கத்தில் குனிந்திருந்தார். “நாலு அடி போடுங்க டீச்சர், நான் ஒண்டும் கேக்கமாட்டன்” என்றார். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையை அவருக்கு எடுத்துச் சொன்னோம். சுற்றறிக்கையே இல்லாவிட்டாலும், வலியவன் எளியவனை நோகச் செய்யலாம் என்ற பாடத்தை அடியால் இன்னொருமுறை கற்பிக்க எமக்கு மனம் வந்திராது.

பாதிக்கப்பட்டவனிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாப் பிரதிகளும் அழிந்துவிட்டன என்று எம்மால் உறுதி தர முடியாது என்று சொன்னோம். அவன் ஒன்றே ஒன்றைக் கேட்டான்: “அம்மாட வொய்ஸ அவன் கேட்டவனா?” கேட்டிருக்கிறான் என்று சொல்ல நேர்ந்தது. அந்த உண்மை அவனை நோகச் செய்தது. ஆயினும், அதன் பிறகே அவன் என்னை நம்பத் தொடங்கினான்.

தாய்க்கு அறிவிப்பதா என்பதில் நீண்ட ஆலோசனை நடந்தது. சொல்ல வேண்டாம் என்று அவன் கெஞ்சினான். பெற்றவளுக்குத் தெரியாமல் வைத்திருப்பது முறையல்ல. பிள்ளையை மீறி நாமே சொல்லிவிட்டால், அவனது அனுமதியின்றி அவனது துயரம் இரண்டாவது முறையும் வெளியே போனதாகிவிடும். இரண்டு வாரம் பொறுத்து, அம்மம்மா பக்கத்தில் இருக்க, அவனே தன் சொற்களில் தாயிடம் சொல்லும்படி ஏற்பாடு செய்தோம். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றார் தாய். வேண்டாம் என்று தடுத்தவன் மகன்.

வகுப்புத் தலைவர் பதவி பற்றிக் குழுவில் இரு கருத்துகள் இருந்தன. எல்லோர் முன்னிலையிலும் பதவியைப் பறிக்க வேண்டும் என்றார்கள் சிலர். அவமானத்தை வைத்து விளையாடியவனை அவமானத்தால் திருத்த முனைவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேவேளை அந்தப் பதவியில் அவன் இருக்கும்வரை வலிமையில் உள்ள சமமின்மை மாறப்போவதுமில்லை. அறிவிப்பு எதுவுமின்றி அவன் பதவியிலிருந்து விலக்கப்பட்டான். பாடசாலை முழுவதும் வகுப்புத் தலைமை தவணைக்கு ஒருவராக மாறும் முறை கொண்டுவரப்பட்டது.

இந்நிகழ்வில் தீர்க்கமாக அமைந்தது வகுப்போடு செய்த வேலை. பாதிக்கப்பட்டவனின் சம்மதத்தைப் பெற்று, அவனும் வகுப்புத் தலைவனும் இல்லாத ஒரு பாடவேளையில், பெயரற்ற சீட்டுகளின் விடைகளை நான் வாசித்துக் காட்டினேன். “பாவம்” என்று எழுதியோரின் தொகையைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் ஓர் அசைவு தெரிந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். அறிவுரை சொல்லவில்லை. இனி அந்தக் கேள்வி கேட்கப்பட்டால் என்ன செய்யலாம் என்று மட்டும் அவர்களிடம் கேட்டேன். எதிர்த்துப் பேசப் பலருக்குத் துணிவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லோராலும் முடியும் என்றார்கள். அருகில் போய் வேறு எதையாவது பேசி அவனை அழைத்துக்கொண்டு போகலாம் என்றாள் ஒருபோதும் சிரிக்காத இருவரில் ஒருத்தி. கனடாவில் விளையாட்டு முற்றங்களில் ஒளிப்பதிவு செய்து நடத்தப்பட்டு 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், சக பிள்ளைகள் தலையிட்ட சந்தர்ப்பங்களில் 57 வீதமானவற்றில் சீண்டல் 10 செக்கன்களுக்குள் நின்றது. ஆசிரியரின் நீண்ட விசாரணையால் ஆகாததைப் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை ஒரு நொடியில் செய்துவிட முடியும்.

பாதிக்கப்பட்டவனுக்கான மனவெழுச்சிப் பயிற்சியை இவற்றுக்குப் பின்னரே தொடங்கினோம். இந்த வரிசை மிக முக்கியம். சீண்டல் தொடரும்போதே, உன் கோபத்தை அடக்கப் பழகு என்று பாதிக்கப்பட்டவனிடம் சொல்வது, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்குவதாகும். சீண்டல் குறைந்த பிறகு, அவன் “கோபம்” என்று ஒரே சொல்லால் சொல்லிவந்ததற்குள் தாயைக் காக்க முடியாத பயமும், அழுதது கேட்டுவிட்டதே என்ற வெட்கமும், நண்பன் என்று நம்பியவன் செய்த துரோகத்தின் வலியும் தனித்தனியே இருப்பதைப் பிரித்தறியப் பழகினான். எச்சில் விழுங்குவதும் மேசைப் பொருட்களை நேராக்குவதும் தன் உடலின் முன்னறிவிப்புகள் என்று தெரிந்துகொண்டான். அந்நேரத்தில் அனுமதி கேட்காமல் நூலகத்துக்குச் சென்று சில நிமிடங்கள் இருந்துவிட்டு வர ஓர் அட்டை வழங்கப்பட்டது. பாடம் தவறும் என்று கணித ஆசிரியர் மறுத்தார். மேசையில் இருந்துகொண்டே பாடம் தவறியதை மாதத் தேர்வின் புள்ளிகளில் காட்டிய பின்னர் இணங்கினார்.

அடித்ததற்கான பொறுப்பிலிருந்து அவனை நாம் விடுவிக்கவில்லை; அவனும் அதைக் கேட்கவில்லை. அம்மம்மாவோடு அடிபட்டவனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது அவனே. அந்த வீட்டில் இருவருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

தொடர்ந்து நிகழ்ந்தவை

அந்தக் கேள்வி வகுப்பறையில் ஒரு மாதத்துக்குள் ஓய்ந்தது. நான் அறிந்தவரை அதை நேருக்கு நேர் எதிர்த்தவர் எவருமில்லை. சிரிப்பு நின்றதும் கேட்பவர்களுக்குக் கேட்பதில் சுவையில்லாமல் போய்விட்டது. அந்த மாணவி சொன்னபடியே செய்தாள். பின்னர் வேறு இரண்டு மாணவர்களும் அதைப் பின்பற்றினார்கள்.

இரண்டாம் தவணையில் தரம் 10 மாணவர்கள் சிலர் பஸ்ஸில் அதே கேள்வியைக் கேட்டார்கள். பதிவின் பிரதி ஒன்று எங்கோ இருந்திருக்க வேண்டும். இம்முறை அவன் அன்றைக்கே வந்து சொன்னான். அதே பஸ்ஸில் வரும் மூத்த மாணவத் தலைவர் ஒருவரும் பகுதித் தலைவரும் அதைக் கையாண்டார்கள். மீண்டும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மாதம் மூடியிருந்த வாய் ஒரே நாளில் திறந்ததையே நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

அவன் தாயோடு மீண்டும் பேசுகிறான். மூன்று தடவை உளநலப் பிரிவுக்குச் சென்ற பின், தேவைப்பட்டால் மட்டும் வரும்படி சொல்லியிருக்கிறார்கள். கணிதப் புள்ளிகள் இன்னும் மீளவில்லை. நூலக அட்டையை இரண்டாம் தவணை இறுதியில் தானாகவே திருப்பித் தந்தான்.

வகுப்புத் தலைவனாக இருந்தவனைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுத முடியாது. குழுவில் இருந்தவர்களிடம் பதிவை அழிக்கச் சொல்லிப் போனபோது, ஒருவன் “நீதானே போட்டாய்” என்று முகத்துக்கு நேரே கேட்டது தன்னை உறுத்தியதாகச் சொன்னான். அந்த உறுத்தல் மற்றவனுக்காகவா, தனக்காகவா என்று எனக்குத் தெளிவில்லை. சில வாரங்களுக்குப் பின் தரம் 7 மாணவன் ஒருவனின் திக்குவாயை எடுத்துக் காட்டியபோது வகுப்பாசிரியை கண்டு உடனே நிறுத்தினார். தமிழ்மொழித் தினப் போட்டிக்கான நாட்டுக்கூத்துக் குழுவில் அவனைச் சேர்க்கலாம் என்று அழகியல் பாட ஆசிரியர் கேட்டபோது, செய்த தவறுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும் என்று மறுத்து, இரண்டாம் தவணை முடியும்வரை பொறுக்கச் சொன்னோம். இப்போது கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கண்பார்வையில் சிறிய மாணவர்களுக்கு அடவு பழக்க உதவுகிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டும் என்று நாம் வற்புறுத்தவுமில்லை.

மாற்ற வேண்டியவை

அடித்தவனை விசாரிப்பதற்கு முன், அடிக்கு முந்திய வாரங்களை விசாரிக்க வேண்டும் என்பது ஒழுக்காற்றுக் குழுவின் நடைமுறையாக எழுதப்பட வேண்டும். இப்போது அது அதிபரின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கிறது. அதிபர்கள் இடமாற்றம் பெறுகிறார்கள்.

பெயரற்ற சீட்டை ஒரு நிகழ்வு வெடித்த பிறகு எழுதுவிப்பதைவிட, ஒவ்வொரு தவணையின் நான்காம் வாரத்திலும் எல்லா வகுப்புகளிலும் எழுதுவிப்பதே பொருத்தம். நாற்பது சீட்டுகளை வாசிக்க ஒரு மாலை போதும். ஆசிரியர்களுக்கான மனவெழுச்சி நுண்ணறிவுச் செயலமர்வுகளும், பிறர் உணர்வை அறிந்தே அதைப் பயன்படுத்தும் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். அப்பிள்ளைக்கு உணர்வு முகங்களின் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லப் பழக்குவதால் பயனில்லை. அவனுக்குக் கிடைக்கும் சிரிப்பையும் பதவியையும் எடுத்துவிட்டு, செய்ததன் விளைவை அவன் நேரில் எதிர்கொள்ளும்படி செய்வதிலிருந்தே அவனோடான வேலை தொடங்க வேண்டும்.

புதிதாகச் சேரும் மாணவருக்குத் துணையாக ஒரு மாணவரை மட்டும் நியமிப்பதைக் கைவிட்டு, மூவரை நியமிக்கத் தீர்மானித்துள்ளோம். ஒரே துணையென்றால், புதியவனின் எல்லா இரகசியமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறது. சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தனித் தாளும் இணைக்கப்படுகிறது: தாயோ தகப்பனோ வெளிநாட்டில் இருந்தால் எந்நேரம் பேசுகிறார்கள், யாருடைய கைபேசியில் பேசுகிறார்கள், அது பழுதானால் பாடசாலையில் யாரிடம் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்குரிய பெயரைப் பாடசாலையே எழுதிக் கொடுக்கும். அந்தத் தாள் அலுவலக அலுமாரிக்குப் போகாமல் வகுப்பாசிரியரின் வரவு இடாப்புக்குள் இருக்கும்.